ஒத்தடம் கொடுத்தால் கஞ்சத்தனமா?

முதியோர் இல்லங்களுக்கு இயன்முறை சிகிச்சை தரப் போகும்போதெல்லாம் பிள்ளைகளிடமிருந்து இந்தப் புகாரைக் கேட்டுக் காது புளித்துவிட்டது: "அம்மாவுக்கு மூட்டுவலி. மாத்திரை கொடுக்காமல் ஒத்தடம் கொடுத்தே ஓட்டுகிறார்கள். எல்லாம் காசு மிச்சம் பிடிக்கத்தான்."

நம்பிக்கை: ஒத்தடமும் பயிற்சியும் செலவைக் குறைக்கும் தந்திரம்.

கணக்கே தலைகீழ். வலி மாத்திரை சில ரூபாய்தான். ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து, 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி தர ஓர் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். காசு பார்க்கும் இல்லம் மாத்திரையைத்தான் நீட்டும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, அம்மாவின் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறீர்களே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, அது என்ன செய்யும் தெரியுமா? வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1991இல் மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர், அமெரிக்க முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்காகவே ஆகாத மருந்துகளைப் பட்டியலிட்டார். இன்றுவரை புதுப்பிக்கப்படும் அந்தப் பட்டியல், இவ்வகை மாத்திரைகளை நீண்ட காலம் விழுங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் எல்லோருக்கும் உடற்பயிற்சியைத்தான் சொல்கிறது. மருந்து தேவைப்பட்டால் அதோடு சேர்த்து, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு.

அதற்காக, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கும் புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கும் ஒத்தடம் கொடுத்துக் காத்திருப்பது கொடுமை. அங்கே உடனே மருந்து வேண்டும்.

நம்பிக்கை: மறதிநோய் வந்தவருக்கு வலி தெரியாது. தெரியும், சொல்லத்தான் வராது. முகச்சுளிப்பு, முனகல், குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுவது எல்லாம் வலியின் அடையாளமாக இருக்கலாம்.

நம்பிக்கை: வலித்தால் அசையக் கூடாது. அசையாமல் கிடந்தால் தசை கரையும், மூட்டு இறுகும், வலி கூடும்.

நம்பிக்கை: ஒத்தடம் சூடாக இருக்க இருக்க நல்லது. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதம் வெந்தாலும் தெரியாது. முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நான் போகும் பெரும்பாலான இல்லங்களில் கிடப்பது தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி. அதிலிருந்து எழுவதற்குள் முழங்கால் வலியில் உயிர் போகிறது. பிறந்தநாளுக்கு அங்கே பாயசத்தோடு சாப்பாடு போடுகிறீர்கள், நல்லது. அடுத்த பிறந்தநாளுக்கு அந்தப் பணத்தில் உயரமான, உறுதியான கைப்பிடி வைத்த நாற்காலி நான்கு வாங்கிக்கொடுங்கள்.