இடுப்பில் கட்டிய தறி

கேள்வி: அசாமின் கார்பி இனப் பெண்கள் சட்டத் தறி இல்லாமலே துணி நெய்கிறார்களாமே! எங்கள் மருதமுனைக் கைத்தறியும் அதுவும் ஒன்றா?
– வாசகி, கந்தளாய்

பதில்: ஒன்றல்ல. மருதமுனையில் சாரமும் சாறியும் நெய்வது சட்டம் போட்ட தறியில். மிதியை மிதித்தால் நெடுக்கு நூலான பாவு பிரியும். இடையே ஓடம் பாயும். கார்பிப் பெண்ணுக்கோ அவள் உடம்பே தறியில் பாதி. பாவின் ஒரு முனையைத் தூணிலோ சுவரிலோ கட்டி, மறுமுனையை முதுகைச் சுற்றிய பட்டையில் மாட்டித் தரையில் அமர்வாள். பின்னே சாய்ந்தால் பாவு இறுகும், முன்னே குனிந்தால் தளரும். கை எட்டும் அளவுதான் துணியின் அகலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான். இடுப்பில் சுற்றும் பினி, மேலே அணியும் பெகோக், அரைக்கச்சையான வாங்கோக், ஆண்களின் கையில்லாச் சட்டையான சோய் எல்லாம் இவ்வகை நெசவில் வந்தவையே.

கார்பி நெசவு பெரும்பாலும் வீட்டுத் தேவைக்கு. மருதமுனை சந்தையை நம்பிய ஊர். 1977இல் இலங்கை இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் மலிவுத் துணியோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் தறிச்சத்தம் அடங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நேரில் பார்க்க, மட்டக்களப்பு தாண்டி, கல்முனைக்குச் சற்று முன் இறங்குங்கள். கடையோடு திரும்பாமல், தறியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.