உருளை காத்தல்

நிலத்தின்மேல் இயங்கும் ஊர்திகள் யாவற்றிற்கும் உயிர்நிலையாய் அமைந்தது சக்கரமே. உருளை, உருளி, திகிரி, நேமி, ஆழி எனத் தமிழில் அதற்குப் பெயர்கள் பல உள. ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதல், அப்பொருளோடு மக்கள் கொண்ட நெடுநாட் பழக்கத்தைக் காட்டும். காவிரி பாயும் தஞ்சை நாட்டில் நெற்களத்திலிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும் நெல் மூட்டைகளைச் சுமந்து சென்றவை மாட்டு வண்டிகளே. அவற்றின் சக்கரத்தில் நடுவே குடமும், குடத்தினின்று விரியும் ஆரக்கால்களும், அவற்றைச் சூழ்ந்த வட்டையும் இருக்கும். வட்டையின்மேல் இரும்புப் பட்டையைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சிப் பொருத்தி நீர் ஊற்றுவர். குளிர்ந்த இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கோடையில் மரம் வற்றிப் பட்டை தளருமாயின், வண்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் குளத்து நீரில் ஊறவைப்பர். சக்கரம் தானே தன்னைக் காத்துக்கொள்ளாது, அதனை நாம் காத்தல் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று நாம் ஏறிச் செல்லும் கார்களின் சக்கரங்களில் இரும்புப் பட்டைக்கு மாற்றாகக் காற்றடைத்த ரப்பர் வளையம் பொருத்தப்பட்டுள்ளது. மக்கள் அதனை ‘டயர்’ என்பர். நாமும் அச்சொல்லையே கொள்வோம். 1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த டயரைச் செய்தார். அவருக்கு முன்னரே, 1845இல், தாம்சன் என்பார் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பரின் தேவையும் பெருகிற்று. மலாயா நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அத்தோட்டங்களில் பால் வடித்தோருள் தமிழர் மிகப் பலர். தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் உழவுத் தொழிலாளர் பல்லாயிரவர் நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறிச் சென்றனர். ஆதலின் டயரின் வரலாற்றில் நம் நாட்டு மக்களின் வியர்வையும் கலந்துள்ளது. தமிழகத்திலும் 1961இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் டயர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று.

மாணவர்களே! ஒரு கார் தரையை எவ்வளவு இடத்தில் தொட்டு நிற்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரைக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 300 கிலோ எடையைத் தாங்கும். டயரினுள் இருக்கும் காற்று, சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அழுத்தம் உடையதாயின், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுரச் சென்டிமீட்டரே ஆகும். அஃது ஓர் உள்ளங்கையின் அளவு. தாயும் தந்தையும் மக்களும் அமர்ந்து விரையும் ஊர்தி இத்தகைய நான்கு உள்ளங்கைகளின்மேல்தான் நிற்கிறது. வண்டியை ஓடச் செய்வதும், திருப்புவதும், நிறுத்துவதும் அந்நான்கின் பிடிப்பே. இயந்திரம் பழுதுற்றால் வண்டி நிற்கும். டயர் பழுதுற்றாலோ உயிருக்கே ஊறு நேரும்.

டயரின் சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளிருக்கும் காற்றே. அக்காற்று ஓட்டை ஏதும் இல்லாதபோதும் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்து குறையும். ஆகவே மாதம் ஒருமுறையேனும், நெடும்பயணத்திற்கு முன்னரும் அளந்து பார்த்தல் வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வண்டியைச் செய்தோர், ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ குறித்திருப்பர். பெரும்பாலான சிறு கார்களுக்கு அது சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு வரை இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையே அளத்தற்கு ஏற்றது. ஓடிச் சூடேறிய டயரில் காற்று விரிந்து அளவு மிகுதியாகத் தோன்றும்; அதைக் கண்டு காற்றை வெளியேற்றுதல் கூடாது.

காற்றுக் குறைந்தால் நேர்வது யாது? ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் பன்முறை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், அவ்விடம் சூடேறும், மேலும் மடக்கின் கம்பி முறியும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறே மடங்கி நிமிர்கின்றது. சித்திரை வைகாசி வெயிலில் தார்ச்சாலையின் வெம்மையும், விரைவும், சுமையும் அதனோடு கூடின், உள்ளடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். ‘வெயிலால் வெடித்தது’ என்று பலர் கூறுவர். பெரும்பாலும் பல நாள் கவனியாது விட்ட காற்றுக் குறையே அதற்கு அடிப்படையாம். காற்று மிகுதலும் நன்றன்று. மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிப்புக் குறையும். குறைந்தால் இரு விளிம்புகளும் தேயும். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்நிலை பிறழ்ந்தது என்று அறிந்து, பணிமனையில் சரி செய்தல் வேண்டும். முன் பின் டயர்களை 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் தேய்மானம் சமமாகும்.

சுமையும் அளவோடு இருத்தல் வேண்டும். மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார். டயரின் பக்கச்சுவரிலேயே அதன் வலி எழுதப்பட்டுள்ளது. 88 என்னும் சுமைக் குறியீடு, அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். ஐவர்க்கு உரிய வண்டியில் எண்மரையும், மேலே மூட்டைகளையும் ஏற்றுவோர் இவ்வெண்ணை மறந்தவராவர்.

இனி, டயரின் மேற்புறத்தில் காணப்படும் பள்ளங்களின் பயனை நோக்குவோம். அவை அழகுக்கு அமைந்தவை அல்ல. நம் வயல்களுக்கு நீர் கொணரும் வாய்க்கால் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது மிகுநீரைப் போக்கும் வடிகால். வடிகால் தூர்ந்தால் ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்கி அழுகும். டயரின் பள்ளங்களும் வடிகால்களே. சாலையில் தேங்கிய நீரை அவை பிதுக்கி வெளியேற்றுதலால் ரப்பர் தரையைப் பற்றுகின்றது. பள்ளம் தேய்ந்த டயர் விரைந்து செல்லும்போது நீர்ப்படலத்தின்மேல் மிதக்கும். அப்பொழுது தடையை மிதித்தாலும் பயன் இல்லை. திருப்பினாலும் வண்டி திரும்பாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் ஊர்தி விதி. பள்ளங்களினூடே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அம்மேட்டோடு சமமானால், அந்த டயரின் காலம் முடிந்தது என்க. வடிகாலைத் தூர் வாரலாம். தேய்ந்த காரின் டயரில் கத்தியால் பள்ளம் வெட்டுதல் கேட்டிற்கே வழியாகும். அறுவடைக் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயும் இடங்களில் நல்ல டயரும் வழுக்கும்; ஆண்டு மெல்லச் செல்லுதலே அறிவுடைமை.

தேய்வு மட்டும் அன்றி முதுமையும் டயரைக் கெடுக்கும். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைக் காட்டும். 2324 எனின், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் வல்லவரிடம் காட்டுதலும், பத்தாண்டு கடந்தால் தேயாதிருப்பினும் நீக்குதலும் நலம். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ வெட்டோ காணின் உடனே மாற்றுக. பஞ்சர் ஒட்டுதல் தரையைத் தொடும் பகுதிக்கே ஏற்றது, பக்கச்சுவருக்கு ஆகாது. புதிது வாங்குங்கால், பழைய டயரின் அளவையே கேட்டு வாங்குக. 185/65 ஆர் 15 எனின், அகலம் 185 மில்லிமீட்டர். பக்க உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. உள்வளையத்தின் விட்டம் 15 அங்குலம். இரண்டு மட்டுமே வாங்க இயலுமாயின் புதியவற்றைப் பின்னே பொருத்துக. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

வழியில் டயர் பழுதுற்றுச் சக்கரத்தை மாற்ற நேரின் செய்யத்தக்கன யாவை? திருவாரூர் ஆழித்தேர் ஓடும்போது, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரை நீங்கள் கண்டிருக்கலாம். மாபெரும் தேரை அடக்கி நிறுத்துவன அச்சிறு கட்டைகள். காருக்கும் அஃதே முறை. முதலில் வண்டியைப் போக்குவரத்தினின்று விலக்கிச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துக. ஆற்றங்கரைச் சாலைகளின் ஓரம் வண்டல் மண். அங்கே நிறுத்துதல் ஆகாது. எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, யாவரையும் இறக்கிச் சாலைக்கு அப்பால் நிற்கச் செய்க. கைத்தடையை இழுத்துவிட்டு, மாற்றும் சக்கரத்திற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்திற்கு முட்டுக் கொடுக்க. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்துக. பின்னரே ‘ஜாக்கி’யை உரிய இடத்தில் வைத்து உயர்த்துக; தரை இளகியதாயின் அதன் அடியில் பலகை இடுக. ஜாக்கியால் மட்டும் நிற்கும் வண்டியின் கீழே கையோ தலையோ நீட்டுதல் எஞ்ஞான்றும் கூடாது. ‘ஸ்டெப்னி’ எனும் மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தி, நட்டுகளைக் கையால் முடுக்கி, வண்டியை இறக்கிய பின், எதிரெதிர் வரிசையில் இறுக்குக. சிறிது தொலைவு ஓடியபின் மீண்டும் சோதிக்க. அந்த ஸ்டெப்னியிலும் மாதந்தோறும் காற்று அளத்தல் வேண்டும். அடகு வைத்த நகைபோல் அதனை மறந்திருப்போர் பலர்.

ஓடுங்காலே டயர் வெடிக்குமாயின், அஞ்சித் தடையை ஓங்கி மிதித்தல் ஆகாது. திருப்புவளையத்தை இரு கையாலும் இறுகப் பற்றி நேரே செலுத்தி, விசையை மெல்லக் குறைத்து, வண்டி தளர்ந்த பின்னர் ஓரம் ஒதுக்குக.

கழித்த டயரையும் மறத்தல் கூடாது. கொல்லையில் கிடக்கும் டயரில் மழைநீர் தேங்கின், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். போகி நாளில் அதனைக் கொளுத்தினால் நச்சுப்புகை ஊரைச் சூழும். மறுபயன் செய்வோரிடம் ஒப்படைத்தலே முறை.

ஆற்றில் நீர் வருமுன் வாய்க்காலையும் வடிகாலையும் தூர் வாரிச் செப்பனிடுதலைக் குடிமராமத்து என்று நம் முன்னோர் போற்றினர். வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடுவோர் பயிரை இழப்பர். டயரைக் காத்தலும் அத்தகையதே. காற்றை அளக்கச் சில நிமிடம் போதும்; பள்ளத்தை நோக்கக் கண் ஒன்றே போதும். உங்கள் வீட்டில் ஊர்தி இருப்பின், அடுத்த பயணத்திற்கு முன் நான்கு சக்கரங்களையும் நீங்களே சுற்றிப் பாருங்கள். கண்ட குறையைப் பெரியோரிடம் சொல்லுங்கள். வருமுன் காத்த அச்சிறு செயலால் ஒரு குடும்பம் நலமே வீடு திரும்பும்.