வரிசை மாறும் ஊர்ப்பெயர்கள்

நுழையும்முன்

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் அருகே நல்லூர் உள்ளது. அப்பெயரால் ஓர் ஊராட்சி ஒன்றியமும் வழங்குகிறது. இப்பெயரைக் கணினி எவ்வாறு எண்ணும், பட்டியலில் எங்கே வைக்கும் என்பன அக்கணினியின் மொழியமைப்பைப் பொறுத்தவை. மென்பொருளைச் சோதிப்போருக்கு இதனால் நேரும் இடர்ப்பாட்டை இப்பாடம் விளக்குகிறது.

மென்பொருள் எழுதுவோர், தம் நிரல் சரியாக இயங்குகிறதா என்று அறியச் சோதனை நிரல்களையும் எழுதிவைப்பர். ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, வரவேண்டிய விடையை முன்னரே குறித்து, இரண்டும் ஒத்தால் தேர்ச்சி என்று கொள்வது முறை. ஆனால் ஒருவர் கணினியில் தேறிய சோதனை, எழுத்தொன்றும் மாறாமலே, மற்றொருவர் கணினியில் தோற்பதுண்டு.

மொழி, நாடு, எண் எழுதும் முறை, அகரவரிசை முதலியவற்றைக் குறிக்கும் அமைப்பு ஒன்று ஒவ்வொரு கணினியிலும் உண்டு. அதனை லோகேல் என்பர். இங்கு மொழியமைப்பு என்போம். லினக்சில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. 'சி' என்று ஓரெழுத்தால் வழங்குவது, எம்மொழியின் மரபையும் நோக்காத அடிப்படை அமைப்பு.

நல்லூர், நன்னிலம், விருத்தாசலம், விழுப்புரம், விளாத்திகுளம் என்னும் ஐந்து பெயர்களை லினக்சின் 'சார்ட்' கட்டளையிடம் கொடுப்போம். தமிழ் அமைப்பில் இவ்வரிசையே கிடைக்கும். 'சி' அமைப்பிலோ நன்னிலம் நல்லூரை முந்தும். விளாத்திகுளம் விழுப்புரத்தை முந்தும். 'சி' அமைப்பு எழுத்துகளின் குறியெண்களை மட்டுமே ஒப்பிடுவது இதற்குக் காரணம். யூனிகோட்டின் தமிழ்ப்பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 'இஸ்கி' குறியேற்றத்தின் சட்டகத்தைப் பின்பற்றியது. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் நிற்கின்றன. 'ய ர ல வ ழ ள ற ன' என்று நாம் பயின்ற வரிசை அங்கில்லை. வழங்கிய குறியெண்களை யூனிகோடு மாற்றுவதில்லை. ஆதலின் மரபுவரிசையைக் காப்பது வரிசைப்படுத்தும் விதிகளின் பொறுப்பாயிற்று.

எண்ணிக்கையிலும் இதே இடர். நல்லூர் என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் நான்கு. புள்ளிகளும் ஊகாரக் குறியும் தனியே எண்ணப்படுவதால் யூனிகோட்டில் குறியெண்கள் 7. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள்; ஆக 21. எழுத்தெண்ணும் லினக்ஸ் கட்டளை தமிழ் அமைப்பில் 7 என்றும், 'சி' அமைப்பில் 21 என்றும் விடை தரும். நான்கு என்று இரண்டுமே கூறவில்லை என்பது தமிழ் மாணவர் கண்ணுக்குத் தப்பாது.

பிறமொழியாருக்கும் இத்தொல்லை உண்டு. ஜெர்மானியர் பதின்மப் புள்ளிக்குக் காற்புள்ளி இடுவர். துருக்கியில் சிறிய 'ஐ' எழுத்தைப் பெரிதாக்கினாலும் அதன் மேற்புள்ளி நீங்காது.

சோதனை தொடங்குமுன் 'எல்.சி. ஆல்' என்னும் சூழல் மாறியில் 'சி' என்று எழுதிவிடுவது பலர் கையாளும் எளிய வழி. கணக்கு சரியா, கோப்பு திறந்ததா என்பன போன்ற சோதனைகளுக்கு அது தகும். பிழைச்செய்தியின் சொற்களை விடுத்துப் பிழையெண்ணை ஒப்பிடுவது இன்னும் தகும்: லினக்சில் 'கோப்பு இல்லை' என்பதற்குரிய எண் 2, செய்தி எம்மொழியில் வந்தாலும் அது மாறாது. ஆயினும் எல்லாச் சோதனைகளையும் 'சி' அமைப்பில் பூட்டிவைத்தால், விழுப்புரம் இடம்மாறிய பட்டியலே சரியான விடையாகப் பதிவாகிவிடும். சோதனை தேறும், பட்டியலில் தம் ஊரைத் தேடுபவரோ அதனை உரிய இடத்தில் காணமாட்டார்.

ஆகவே, அகரவரிசையையும் எண்வடிவத்தையும் சோதிக்கும் நிரல் தனக்கு வேண்டிய மொழியமைப்பைத் தானே பெயர்சொல்லி அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வமைப்பு அக்கணினியில் இல்லையெனில், சோதனை தவிர்க்கப்பட்டது என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தேறியதாகக் காட்டுவது பொய். தோற்றதாகக் காட்டுவது நிரல்மீது வீண்பழி. மொழியைச் சாராத சோதனைகளையோ, வேண்டுமென்றே பல அமைப்புகளில் ஓட்டிப் பார்த்தல் நலம். டெபியன் திட்டத்தில் ஒரே மென்பொருளை இருவேறு மொழியமைப்புகளில் கட்டி, விளைவுகள் பைட்டுக்குப் பைட்டு ஒத்துள்ளனவா என்று ஒப்பிடுகின்றனர்.

மொழியமைப்பைக் குறிக்கும்போது நாட்டையும் சேர்த்தே குறிக்க வேண்டும். யூனிகோட்டின் மொழித்தரவுகளின்படி, இந்தியத் தமிழில் 12,34,567 என வரும் எண் சிங்கப்பூர்த் தமிழிலும் மலேசியத் தமிழிலும் 1,234,567 என வரும். தமிழ் என்று மட்டும் சொல்லி ஒரே விடையை எதிர்பார்க்கும் சோதனை, சென்னையில் தேறிச் சிங்கப்பூரில் தோற்கும்.