முழங்கால் மூட்டுத் தேய்மானமும் வீட்டில் மெய்நிகர்ப் பயிற்சியும்

முதுமையில் பலரை வாட்டும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம். படி இறங்கும்போதும், நெடுநேரம் அமர்ந்து எழும்போதும், தரையில் சம்மணமிடும்போதும் இவ்வலி மிகும். இதற்கென இயன்முறை சிகிச்சையாளர், அதாவது பிசியோதெரபிஸ்ட், கற்பிக்கும் பயிற்சிகளை வீட்டில் செய்ய மெய்நிகர்க் கருவிகளும் இப்போது பயன்படுகின்றன. அவற்றின் நன்மைகளையும் எல்லைகளையும் ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

அசைவே மருந்து

‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கேட்டதும், நடந்தால் மூட்டு மேலும் தேயும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் மூட்டு உயிருள்ள உறுப்பு. அதன் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை; மூட்டு அசையும்போதுதான் அது மூட்டு நீரிலிருந்து நன்கு ஊட்டம் பெறுகிறது. மேலும், முழங்காலுக்குப் பெருந்துணையாக இருப்பது தொடையின் முன்புறத் தசை. அசைவு குறைந்தால் அத்தசை மெலியும், வலி பெருகும், நடமாட்டம் மேலும் சுருங்கும். நாளடைவில் கடைக்கோ கோயிலுக்கோ தனியே செல்ல இயலாத நிலை வரும்.

ஆதலால் ஆஸ்திரேலிய மருத்துவப் பராமரிப்புத் தரநிலை, நோய் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு ஆகியவற்றையே முதன்மைச் சிகிச்சையாக வைக்கிறது. எடை மிகுந்தவர் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

மெய்நிகர்க் கருவி செய்வது என்ன?

இவ்வகைக் கருவிகள் இரண்டு. ஒன்று, தொலைக்காட்சித் திரையின் முன் நிற்பவரின் அசைவைக் கேமரா கண்டறிந்து திரையில் காட்டுவது. மற்றொன்று, கண்களை முழுவதும் மூடும் தலையணிக் கருவி.

பயிற்சி அலுப்பூட்டுவதும் வலிக்குமோ என்ற அச்சமுமே பலர் இடையில் நிறுத்தக் காரணங்கள். மெய்நிகர்க் காட்சி கவனத்தை வலியிலிருந்து திருப்புகிறது. எத்தனை முறை செய்தோம் என எண்ணிக் காட்டி ஊக்கமளிக்கிறது. நாட்பட்ட கீழ் முதுகுவலிக்கு வீட்டில் பயன்படுத்தும் ஒரு மெய்நிகர்க் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி அளித்தது. முழங்காலைப் பொறுத்தவரை ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. எனினும் அவற்றுட் பல சிறியவை. குருத்தெலும்பைக் கருவி மீண்டும் வளர்ப்பதில்லை. பயன் தருவது பயிற்சியே. கருவி அதைத் தொடர்ந்து செய்ய உதவும் துணை.

தொடங்குமுன்

1. பயிற்சிகளை முதலில் கருவியின்றி, சிகிச்சையாளர் முன்னிலையில் செய்து பழகுக. கருவிகளின் குரல் வழிகாட்டல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இது இன்றியமையாதது.
2. வலிப்பு நோய், தலைச்சுற்றல், அண்மையில் கீழே விழுந்த அனுபவம், இதயமுடுக்கி, பார்வைக் குறைபாடு ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
3. தலையணி அணிந்தவருக்குத் தரை தெரியாது. ஆகவே சக்கரமில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துவைத்து, அதில் அமர்ந்தே செய்க.
4. நின்று செய்யும் பயிற்சிகளுக்குத் திரை முறையே ஏற்றது. 2 மீட்டர் அகல, நீள இடத்தில் கம்பளம், மின்கம்பி, விளையாட்டுப் பொருள்களை அகற்றி, பிடிமானத்துக்கு ஒரு மேசையை அருகில் வைத்துக்கொள்க.
5. முதல் நாள்களில் 5 நிமிடம் போதும். வீட்டார் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குதல் தலையணியுடன் செய்யத்தக்கது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், குதிகாலை உயர்த்துதல் ஆகியவற்றைத் திரை பார்த்துச் செய்யலாம்.

வலியை அளந்தறிதல்

வலியின்மையை 0 எனவும், தாங்கொணா வலியை 10 எனவும் கொள்க. பயிற்சியின்போது 5 வரை எழும் வலி பொதுவாக ஏற்கத்தக்கது. அது 24 மணி நேரத்தில் வழக்கமான நிலைக்குத் தணிய வேண்டும். தணியாவிடில் பயிற்சியைக் குறைத்துச் சிகிச்சையாளரைக் கேளுங்கள். காட்சியில் மூழ்கியிருக்கையில் வலியை உணராமல் மிகுதியாகச் செய்துவிட வாய்ப்புண்டு. எனவே முடித்தபின்னும் மறுநாளும் வலியைக் குறித்துவைப்பது அவசியம்.

குமட்டலோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்துக. முழங்கால் சிவந்து சூடாகி வீங்குதல், காய்ச்சல், காலை ஊன்ற இயலாமை, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவரை நாடுக. மார்புவலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 000 எண்ணை அழையுங்கள்.

உதவி பெறும் வழிகள்

கருவி வாங்கும் செலவை மெடிகேர் ஏற்பதில்லை. ஆயினும் குடும்ப மருத்துவர் நாட்பட்ட நோய் மேலாண்மைத் திட்டம் வகுத்துப் பரிந்துரைத்தால், இயன்முறை சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவச் சேவைகளுக்கு ஆண்டுக்கு மொத்தம் 5 முறை வரை மெடிகேர் தொகை கிடைக்கும். மீதிக் கட்டணம் உண்டா என முன்கூட்டியே கேட்டறிக.

65 வயதைக் கடந்தோர் வீட்டு உதவிகள் பற்றி மை ஏஜ்ட் கேர் சேவையை 1800 200 422 எண்ணில் அழைக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் முதலில் 131 450 எண்ணை அழைத்து, உரிய சேவையுடன் இணைக்கக் கோருங்கள்.

கருவி இல்லாதவர் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஒரு நாற்காலியும் சிகிச்சையாளர் கற்பித்த பயிற்சிகளுமே தொடங்கப் போதுமானவை.