கண்புரையும் கால்சியமும்: மாத்திரையை நிறுத்தலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர்ப்பானது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாகப் படிவு நிற்பதைக் காணும் நம் மக்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே: "இந்தச் சுண்ணாம்புதான் கண்ணிலும் படிந்து புரையாகிறதோ? அப்படியானால், எலும்புக்காகத் தந்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" நிறுத்த வேண்டியதில்லை. அதற்கான காரணத்தைக் காண்போம்.

விழிவில்லை தெளிவாக இருப்பது எவ்வாறு?

கண்ணின் பாவைக்குப் பின்னால் உள்ள வில்லைக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள நீர்மமே அதற்கு உணவளிக்கிறது. வில்லையின் செல்களுக்குள் 'கிரிஸ்டலின்' என்னும் புரதம் சீராக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. வெளியிலுள்ள நீர்மத்தைவிடச் செல்லுக்குள் கட்டற்ற நிலையில் உள்ள கால்சியம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. உள்ளே கசியும் கால்சியத்தைச் செல்சவ்வில் உள்ள நுண்ணிய 'பம்புகள்' இடைவிடாது வெளியேற்றுகின்றன. கிணறு வெட்டும்போது ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. இறைப்பு நின்றால் கிணறு நிரம்பிவிடும்.

புரை உண்டாவது எவ்வாறு?

முதுமை, நீரிழிவு, நெடுங்கால வெயில் ஆகியவற்றால் சவ்வும் பம்புகளும் பழுதடையலாம். அப்போது உள்ளே கால்சியம் மிகுகிறது. புரதங்களை வெட்டும் 'கால்பெயின்' போன்ற நொதிகள் தூண்டப்படுகின்றன. சிதைந்த புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. புரை கண்ட மனித வில்லைகளில், குறிப்பாக வெளிப்பகுதியில் தோன்றும் புரையில், கால்சியம் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் கால்சியம் ஒன்றே காரணம் அன்று. நடுப்பகுதிப் புரையில் புரதங்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதே முதன்மையானது.

ஆகவே, குறை உண்ணும் கால்சியத்தில் இல்லை. அதைக் கட்டுப்படுத்தும் வில்லையின் திறனில் உள்ளது. நாம் உண்ணும் அளவு கூடினாலும் குறைந்தாலும், பாராதைராய்டு சுரப்பிகள் இரத்தத்தில் கால்சியத்தைப் பெரும்பாலும் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம்/டெசிலிட்டர் அளவில் நிலைநிறுத்துகின்றன.

குறைந்தாலும் புரை வரும்

இரத்தத்தில் கால்சியம் நீண்ட காலம் குறைந்திருந்தாலும் கண்புரை உண்டாகும். தைராய்டு அறுவை சிகிச்சையின்போது பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது நேரலாம். அத்தகையோர் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் மதமதப்பு, கைகால் இழுப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுகவும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

• காட்டு வேலைக்கும் கரிமூட்ட வேலைக்கும் செல்வோர் அகன்ற தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அணிதல் நன்று.
• நீரிழிவைக் கட்டுப்படுத்துக, புகைப்பழக்கத்தை விடுக.
• ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தாதீர்.
• இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடாதீர். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இதுவரை இல்லை.
• "புரை முற்றட்டும்" எனக் காத்திருக்க வேண்டாம். தறியில் இழை தெரியவில்லை, பேருந்தின் பெயர்ப்பலகை மங்குகிறது என்ற நிலையிலேயே பரிசோதனைக்கு வாருங்கள்.

அறுவை சிகிச்சையில் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தப்படுகிறது. ஒருகாலத்தில் அயல்நாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த இவ்வில்லையை, 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப் குறைந்த விலையில் உருவாக்கியதால், எளியவர்க்கும் இது கிட்டுகிறது.

பரிசோதனைக்கு வரும்போது, பெரியவர் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் உறையுடன் எடுத்து வாருங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.