கிட்டார் ஆம்ப்: ஒலியா, மறுவிற்பனை விலையா?

புதிய மாடல் வந்தவுடன் பழைய கம்ப்யூட்டரின் விலை சரிந்துவிடும் அல்லவா? கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் அப்படி ஒரு வகை உண்டு. அதுதான் மாடலிங் ஆம்ப். பல ஆம்ப்களின் ஒலியை உள்ளே இருக்கும் பிராசசரே கணக்கிட்டுத் தருகிறது. வால்வு ஆம்ப் அப்படியல்ல. ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் என்னும் 15 வாட் ஆம்ப்பில் தேய்ந்த வால்வைக் கழற்றிப் புதியது போடலாம். அதனால் பழையதற்கும் ஆள் கிடைக்கும்.

விற்றால் பணம் வரும் என்று கணக்குப் போட்டு நானும் முதலில் வால்வு ஆம்ப்தான் வாங்கினேன். ஆனால் அதன் உண்மையான ஒலி, சத்தத்தைக் கூட்டினால்தான் வருகிறது. அடுக்குமாடி வீட்டில் 15 வாட்டே அதிகம். அலுவலகம் முடிந்து இரவில் வந்தால் தொடவே முடியாது. எட்டு மாதத்தில் விற்றேன். விலை பரவாயில்லை, வாசிப்புதான் நின்றுபோயிருந்தது.

இப்போது மாடலிங் ஆம்ப் வைத்திருக்கிறேன், அதுவும் செகண்ட் ஹேண்ட். விலைச் சரிவை முதலில் வாங்கியவரே ஏற்றுக்கொண்டார்! ஹெட்போனில் வாசித்து, யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்கிறேன். நீங்களும் பழையது வாங்குவதாக இருந்தால், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அதன் டிரைவர் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.