பஜாரை எங்கே வைப்பது?

அன்புள்ள மருமகளே,

தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பஜாரை மொத்தமாக நான்கு வழிச்சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டால் விருதுநகர் மூச்சுவிடும் என்று எழுதியிருக்கிறாய். பகலில் அங்கே லாரி நிற்கும் நிலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு ஊரின் நடுப்பகுதியைத் தாங்குவது கொடுக்கல் வாங்கல்தான் என்பது என் கட்சி. அதை வெளியே அனுப்பிவிட்டு எத்தனை மரம் நட்டாலும் பயனில்லை. அமெரிக்கர்கள் இதைக் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். விக்டர் குருயன் வடிவமைத்த சவுத்டேல் மால் 1956-இல் மினசோட்டாவில், பெருநகரத்துக்கு வெளியே திறந்தது. கூரைக்குள் கடைகள், சுற்றிலும் கார் நிறுத்த இடம். அந்த மாதிரி நாடெங்கும் பரவ, நடு ஊர்க் கடைத்தெருக்கள் வாடின. மிச்சிகனில் கலமசூ என்ற நடுத்தர ஊர் அதே குருயனைத் திட்டம் போடச் சொல்லி, 1959-இல் தன் கடைத்தெருவில் காரைத் தடுத்துப் புல்லும் பூவும் வைத்தது. அப்படியும் வியாபாரம் வெளியே நழுவியது. 1998-இல் தெருவின் ஒரு பகுதியைக் காருக்கே திறந்துவிட்டார்கள்.

விருதுநகர் வளர்ந்த விதமே வேறு. 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் வந்தபின் பருத்தியும் தானியமும் இங்கே குவிந்தன. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று விருதுநகர் மார்க்கெட் நிலவரம் இன்றும் வாரந்தோறும் நாளிதழ்களில் வருகிறது. நான் பெரிதாக நினைப்பது மகமையை. கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே விதித்துக்கொண்ட அந்தச் சிறு தொகையிலிருந்துதான் கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவு நடந்தது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுப் பெண்கள் ஒதுக்கிய பிடியரிசியும் சேர்ந்தது. சம்பாதித்த இடத்திலேயே செலவழித்ததால் கடை, கோயில், பள்ளி, தேசபந்து மைதானம் எல்லாம் நடந்துபோகும் தூரத்துக்குள் அமைந்தன. எந்த நகரமைப்பு நிபுணரும் வரைந்து கொடுத்ததல்ல இது!

மகமை ஒரே சாதியின் ஏற்பாடுதானே என்று நீ கேட்பாய். உண்மைதான். கோயில் நுழைவு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது அது. அதை நடத்துவதில் மற்றவர்களுக்குப் பங்கில்லை. அந்த எல்லைக்கோட்டை மறுபடி வரையச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் ஓடும் சரக்கு அந்த இடத்தின் பொதுச்செலவைச் சுமந்தது என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்று அந்தப் பொதுச்செலவைப் பார்ப்பது நகராட்சியின் வேலை.

லாரிப் பிரச்சினை நிஜமானது. அதற்கு வழி வேண்டுமானால் சிவகாசியைப் பார். வெடிமருந்து விதிகளின்படி பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, ஷெட்டுக்கு ஷெட் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஆர்டர் பிடிப்பது, பணம் பட்டுவாடா, லாரி புக்கிங் எல்லாம் ஊருக்குள் நடப்பதற்கு அதனால் தடையில்லை. விருதுநகரிலும் குடோன்கள் வெளியே போகட்டும், ஊருக்குள் ஏற்றி இறக்குவதை இரவுக்கு ஒதுக்கட்டும். சாம்பிள் பார்த்து விலை பேசும் கடை தெப்பக்குளத்தருகே இருக்கட்டும். குடோனுக்கு இடம் தேடும்போது நகராட்சி எல்லையையும் பார்க்கவேண்டும். அந்த எல்லைக்கு வெளியே ஓர் ஊராட்சியில் குடோன் கட்டினால் சொத்துவரி அந்த ஊராட்சிக்குப் போகும்; பஜாரின் சாக்கடையும் தெருவிளக்கும் நகராட்சியின் தலையில் நிற்கும். மாற்றத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இந்த வரியைப் பங்கிட ஒரு வழி சொல்லட்டும்.

அன்புடன்,
மாமா